மஞ்சள் தண்ணீர்

சின்னவளின் கொட்டகையில் கோழிக்குஞ்சுகளுக்கு நடை போய்விட்டது. கால்விரல்கள் முஷ்டி பிடித்தாற்போல உள்ளே சுருண்டுகொள்ள, கணுக்காலை ஊன்றி ஊன்றி நகர்ந்தன. தட்டு நிறையத் தீவனம் கிடந்தும் போய்ச் சேர முடியாமல் பாதி வழியிலேயே படுத்துக்கொண்டன.

அடுத்த சந்தில் கொட்டகை வைத்திருந்த அக்கா தினமும் வந்து பார்த்து உச்சுக்கொட்டினாள். "குளிருதான்டி. வைக்கோலை இன்னும் கனமாப் போடு" என்றாள். சின்னவளும் தலையாட்டிவிட்டுப் போட்டாள். அக்கா பேச்சுக்கு அவளிடம் மறுபேச்சு என்றைக்குமே கிடையாது. குஞ்சுகள் வந்த புதிதில் அக்கா சூட்டுக்குப் போட்டிருந்த பல்புகள் எரிந்துபோனபோது, தன்னுடையதில் பாதியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் குஞ்சுகளை அடுப்பங்கரையில் வைத்துக் காப்பாற்றிய அசடு அவள்.

யார் வீட்டுக் குஞ்சு எடை கூடுதலோ, அந்த ஒரு வீட்டுக்குத்தான் இனிமேல் குஞ்சு என்று வளர்க்கக் குஞ்சு கொடுக்கும் வியாபாரி கறாராகச் சொல்லியிருந்தார். "யாருக்குக் கிடைச்சா என்ன, சேர்ந்தே வளர்ப்போம்" என்று சிரித்தது அக்காதான்.

சோளமும் தவிடும் புண்ணாக்கும் இருவரும் வீட்டிலேயே அரைத்தார்கள். அதில் குறைகிற வைட்டமினும் தாதுச்சத்தும் பொட்டலத்தில் வரும். தண்ணீரில் மஞ்சளாகக் கரைத்து வைக்க வேண்டும். சைக்கிள் இருந்ததால் கடைக்குப் போவது அக்கா. இந்தத் தடவை "சரக்கே வரலையாம்" என்று கையை விரித்தாள்.

பொறுக்கமாட்டாமல் சின்னவள் ஒரு குஞ்சைத் துணியில் பொதிந்துகொண்டு கடைக்கே நடந்தாள். கடைக்காரர் அதன் விரல்களை நீவி விரித்தார். விட்டதும் மறுபடி சுருண்டன.

"பி-டூ வைட்டமின் பத்தலம்மா. மருந்து வைக்கலையா?"

"சரக்கு வரலைன்னீங்களாமே."

"யார் சொன்னா? உங்க அக்காகிட்ட ரெண்டு பொட்டலம் குடுத்தேனே. ஒண்ணு தங்கச்சிக்குன்னு கேட்டுத்தான் வாங்கிட்டுப் போனாங்க."

சின்னவள் அக்காவுக்காக மனசுக்குள் வக்காலத்து வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை.

"ரெண்டையும் ஒரே கொட்டகைக்குப் போட்டா நல்லா வளருமா?"

"எங்க வளரும்? வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை எச்சத்தோட தள்ளிடும்." புதுப் பொட்டலத்தை நீட்டினார். "உடனே குடுங்க. முத்திப்போனது மட்டும் எழுந்திருக்காது."

திரும்புகிற வழியில் அக்காவின் கொட்டகைக்குள் நுழைந்தாள். குவளைகளில் தண்ணீர் பளீரென்ற மஞ்சளாக நின்றது. குஞ்சுகள் குடித்துவிட்டு ஓடின. துணிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த குஞ்சை அக்கா பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்கடி. உன் வீட்டுக்காரருக்குச் சம்பளம் வருது."

"கேட்டிருந்தா வியாபாரிகிட்ட நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்க்கா. நீ கூடப் போட்டது உன் குஞ்சுக்கும் உதவலை. எல்லாம் எச்சமாப் போச்சு."

மேலே சின்னவள் கொடுத்த பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஆத்திரம் தாங்காமல் சின்னவள் ஒன்றைக் கழற்றக் கையை உயர்த்தினாள். அதன் அடியில் குஞ்சுகள் ஒண்டிக்கொண்டிருந்தன. கையை இறக்கிக்கொண்டாள்.

"பல்பு இருக்கட்டும். இதுங்க பெரிசானதும் யார்கிட்டயாவது குடுத்தனுப்பு" என்றாள். "தினமும் வந்து பார்த்துட்டுப் போனியே, இனிமே நீ வராதே."