பச்சை நூல் கட்டிய சங்கு

மூன்றாவது மாடிக்குப் போகும் படிக்கட்டில் காலை ஏழு மணிக்கே இடம் பிடித்தாகிவிட்டது. ஏஜென்ட் ஆபீஸ் திறப்பது ஒன்பதரைக்கு. படிக்கு இரண்டு பேராக முப்பது ஆட்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் பாஸ்போர்ட்டும் மெடிக்கல் காகிதமும். உதுமானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே அந்தப் பர்மியத் துறைமுக நகரத்தின் பபேடான் தெருவை எட்டிப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான்.

பக்கத்தில் இருந்த கார்த்திகேசன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். "சும்மா இருங்க பாய். நீங்க இப்படி எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா எனக்கும் பயம் வருது."

கார்த்திகேசன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். முதல் தடவையாகக் கப்பல் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். உதுமானோ கரீபியன் கடலில் ஓடும் உல்லாசக் கப்பல் ஒன்றில் பதினான்கு மாதம் சலவைப் பகுதியில் இருந்துவிட்டு வந்தவன். லீவில் வந்திருப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். பச்சைப் பொய். நான்கு மாதம் லீவு எந்தக் கப்பல்காரன் கொடுக்கிறான்?

"இன்டர்வியூல கப்பல் எந்தெந்த ஊருக்குப் போகும்னு கேப்பாங்களாமே. நீங்கதான் எல்லாத் தீவையும் பாத்தவரு, கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

கேட்டால் போதும், உதுமான் மடை திறந்துவிடுவான். "செவ்வாக்கிழமை கோசுமெல். சட்டையெல்லாம் எலுமிச்சஞ்சாறும் தக்காளியும். புதன்கிழமை கேமன். மாவு மாதிரி வெள்ள மண்ணு, எத்தன தடவ அலசுனாலும் பாக்கெட் தையலுக்குள்ள நிக்கும். வியாழக்கிழமை ஜமைக்கா. அங்க ஒரு அருவியில ஏறுவாங்களாம், சறுக்கி விழுந்து முட்டி வரைக்கும் செம்மண்ணோட வருவாங்க. அந்தக் கறைக்குத் தனி மருந்து. சனிக்கிழமை நசாவ்."

"ஊரச் சொல்லுங்கன்னா அழுக்கச் சொல்றீங்களே!"

"எங்கிட்ட ஊரு அப்படித்தான்டா வந்துச்சு."

சலவை அறை கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. காலடியில் தரையின் நடுக்கம் நின்றால் கப்பல் கரைசேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மேலே ஆயிரம் பேர் தொப்பியோடு இறங்கிப் போவார்கள். மாலையில் அவர்கள் கழற்றிப் போட்டது மூட்டை மூட்டையாகச் சரிந்து வரும். உதுமானுக்கு முதல் வேலை பாக்கெட்டுகளைத் தடவிப் பார்ப்பது. பஸ் டிக்கெட், ஹோட்டல் பில், சில்லறை, கிளிஞ்சல், ஒருதடவை உயிரோடு ஒரு நண்டு. எல்லாவற்றையும் அறை எண் எழுதிய பையில் போட்டு மேலே அனுப்ப வேண்டும்.

"பதினாலு மாசத்துல எறங்கவே இல்லையா?"

"ஒருதடவ. நசாவ்ல, நாப்பது நிமிஷம். போன் பூத்துல வரிசை. என் முறை வந்து நம்ம தெருக் கடைக்குப் போட்டேன். கடைக்காரரு ரஹீமாவக் கூப்பிட மாடி ஏறுனாரு. அவ எறங்கி வர்றதுக்குள்ள கார்டு தீந்துபோச்சு."

கார்த்திகேசன் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டான்.

பதினொரு மணிக்கு உதுமானைக் கூப்பிட்டார்கள். ஏஜென்ட் ஊ தெய்ன் லுவின் சுருட்டை வாயில் வைத்தபடியே கம்ப்யூட்டர் திரையைப் படித்தார். அவர் பேசியதெல்லாம் பர்மிய மொழியில்; உதுமானும் அவரை 'சயா' என்று பர்மிய மரியாதையில்தான் கூப்பிடுவான்.

"கோ உதுமான், கம்பெனி மெயில் போட்டிருக்கு. பயணியோட பொருளத் திருப்பிக் குடுத்துடணும். எடுத்தது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் உங்க பேரைத் தடைப் பட்டியல்லேருந்து எடுக்கறதப் பத்தி யோசிப்பாங்களாம்."

"அது வெறும் சங்கு, சயா. ஏதோ ஒரு புள்ளையோட கால்சட்டைப் பாக்கெட்டுல இருந்துச்சு. பையில போட்டு மேல அனுப்புனேன். அவங்க எறங்கிப் போயிட்டாங்கன்னு திரும்பி வந்துச்சு. குப்பையில போடுன்னு சூப்பர்வைசர்தான் சொன்னாரு. குப்பையிலேருந்துதான் எடுத்தேன்."

"சூப்பர்வைசர் அப்படிச் சொல்லலையாம்."

லாக்கர் சோதனை போட்ட அன்று சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதை உதுமான் மறக்கவில்லை. சோதனை போட்டவர்கள் சங்கைப் படம் பிடித்தார்கள், ரிப்போர்ட் எழுதினார்கள், சங்கை லாக்கரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த துறைமுகத்தில் அவனை இறக்கி விமானம் ஏற்றிவிட்டார்கள். பெட்டியில் சங்கும் வந்தது.

"கொண்டாந்து குடுங்க. நான் அனுப்பி வைக்கிறேன்" என்றார் ஊ தெய்ன் லுவின். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வீட்டில் ஸமீரா கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். ஏழு வயது. சங்கின் விளிம்பில் இயற்கையாகவே ஒரு ஓட்டை இருந்தது. அதில் பச்சை நூலைக் கோத்து, தரையில் இழுத்துக்கொண்டு போனாள். அடுப்படிப் பாய் கோசுமெல். வாசல் மிதியடி ஜமைக்கா. ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தி, வாயாலேயே கப்பல் சங்கு ஊதி, யாரையோ இறக்கிவிட்டாள். நூல் அவள் உம்மா கொண்டுவந்தது. உதுமானின் சம்பளம் நின்ற மறுமாதமே ரஹீமா ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் தலைமுக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

"எடுக்காதத எடுத்தேன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? உங்களுக்கென்ன கிறுக்கா?"

"குடுக்கலன்னா கப்பல் கெடையாது ரஹீமா. வேற ஏஜென்டும் தொட மாட்டான்."

"இந்தக் கையால யாரு பொருளையாச்சும் தொட்டிருப்பீங்களா? எனக்குத் தெரியாதா? எப்படியோ போங்க. அவகிட்ட நீங்களே கேட்டு வாங்குங்க. என்னால முடியாது."

உதுமான் மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். சொல்ல வேண்டியதை மாடி ஏறும்போதே யோசித்து வைத்திருந்தான்.

"அம்மாடி, இந்தச் சங்கு கப்பல்ல வந்த ஒரு பொண்ணோடது. தொலைச்சுட்டு அழுவுதாம். திருப்பி அனுப்பணும்."

"ரொம்ப அழுவுறாளா?"

"ஆமா."

ஸமீரா சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நீட்டினாள். அவன் நூலை அவிழ்க்கப் போனபோது தடுத்தாள். "நூலு இருக்கட்டும் வாப்பா. அவளும் இழுக்கணும்ல."

மறுநாள் ஊ தெய்ன் லுவின் ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதத்தை நீட்டினார். உதுமானுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும்; காது மடல் சூடேறியது. கையெழுத்துப் போட்டான். சங்கை ஒரு கைக்குட்டையில் சுற்றி மேஜைமேல் வைத்தான்.

"பத்திரமா அனுப்புங்க சயா. ஒடஞ்சிரப் போவுது."

"கவலைப்படாதீங்க."

அதற்கப்புறம் மூன்று வாரம். தினமும் படிக்கட்டு. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன்போலத் தெருவுக்கும் மாடிக்குமாக அலைந்தான். டீக்கடையில் டீ ஆறும். குடிக்காமல் எழுந்து வருவான். "என்ன பாய், எப்பப் பயணம்?" என்று கேட்டவர்களிடம் "வர்ற வாரம்" என்றான். போன வாரமும் அதையேதான் சொன்னான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் கதவில் வேலை கிடைத்தவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அன்று ஸமீராவும் கூட வந்திருந்தாள். உதுமான் மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தான்; அவன் பெயர் இல்லை. கார்த்திகேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு, உதுமானைக் கண்டதும் பாதியாகக் குறைந்தது.

"எனக்குக் கெடச்சிருச்சு பாய். சலவைதான். நீங்க இருந்த அதே கப்பலு." அவன் குரலைத் தணித்தான். "செம்மண்ணக் கேட்டாங்க, கேமன் மண்ணக் கேட்டாங்க, நீங்க சொன்னத அப்படியே ஒப்பிச்சேன். எப்படித் தெரியும்னு அசந்துபோயிட்டாங்க."

"நல்லாயிரு" என்றான் உதுமான். மனதாரத்தான் சொன்னான், வயிறு எரிந்துகொண்டே சொன்னான். "பாக்கெட்டுல என்ன கெடச்சாலும் எடுக்காத. குப்பையில கெடந்தாலும் குனியாத."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, மேஜைமேல் காகிதங்கள் ஃபேன் காற்றில் படபடத்தன.

"பதில் வந்துடுச்சு, கோ உதுமான்" என்றார் ஊ தெய்ன் லுவின். "எடுக்க முடியாதாம்."

"நீங்க சொன்ன மாதிரி எழுதிக் குடுத்தேனே சயா!"

"அதான் பிரச்சினையே. முன்ன வெறும் ரிப்போர்ட்டுதான் இருந்துச்சு. இப்ப நீங்களே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டது ஃபைல்ல இருக்கு. அத வெச்சுக்கிட்டு யாரு எடுப்பா? நான் என்ன செய்யட்டும்?"

உதுமான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்போது ஸமீரா அவன் விரலை இழுத்தாள். அவள் கண் மேஜையின் மூலையில் இருந்தது. அங்கே காகிதக் கட்டு பறக்காமலிருக்க அதன்மேல் சங்கு மல்லாந்து கிடந்தது. பச்சை நூல் மேஜை விளிம்பில் தொங்கியது, அதன் நுனி நெருப்புப் பட்டுக் கருகியிருந்தது.

"அது வேற சங்கும்மா" என்றான் உதுமான் அவசரமாக. "நம்மளது கப்பலுக்குப் போயிருச்சு."

அவள் நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப அந்தப் பொண்ணு இன்னும் அழுவுறாளா வாப்பா?"

தமிழ் தெரியாத ஊ தெய்ன் லுவின் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். கை நீட்டி, சங்கின் இளஞ்சிவப்பு வாய்க்குள் சுருட்டுச் சாம்பலைத் தட்டினார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.