கண்ட்ராக்டர் கோமதித்தாய்

தங்கசாமி வீட்டில் சர்க்கார் வேலைகளெல்லாம் தம்பி பெண்டாட்டி பேச்சித்தாய் பெயரில்தான் எடுக்கப்பட்டு வந்தன. யுத்த காலத்தில் ஒரு ரோட்டு வேலையைப் பாதியில் விட்டவர் தங்கசாமி. அவர் பெயரில் டெண்டர் போட முடியாது. தம்பி வேல்சாமி தாலுகா ஆபீசில் குமாஸ்தா. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் சர்க்கார் குத்தகை எடுக்கக் கூடாது. மிச்சம் இருந்தது வீட்டுப் பெண்கள். பேச்சித்தாய் எட்டாவது படித்தவள், கையெழுத்துப் போடத் தெரிந்தவள். அவள் பெயரையே போட்டார்கள்.

தங்கசாமியின் பெண்டாட்டி, மூத்தவள் கோமதித்தாய்க்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. கோயிலில்தான் உறைத்தது. வேலை தொடங்குகிற அன்று, குத்தகை யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்கு அம்மன் சன்னதியில் அர்ச்சனை செய்வது அந்த ஊர்க் கண்ட்ராக்டர்களின் வழக்கம். அர்ச்சகர் பேச்சித்தாயின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித் தட்டை நீட்டினார். தங்கசாமி, வேல்சாமி, மேஸ்திரி எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். இளையவள் முன்னால் போய்க் குங்குமம் வாங்கினாள். மூத்தவள் தேங்காய்க் கூடையோடு பின்னால் நின்றாள்.

அன்றிலிருந்து கருவாட்டுக் குழம்பு வைத்தால் இளையவள் தட்டுக்கு வால்துண்டுதான் போயிற்று. ஓவர்சியர் பெண்டாட்டி தெருவில் பேச்சித்தாயைக் 'கண்ட்ராக்டரம்மா' என்று கூப்பிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, கோமதித்தாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை. பேச்சித்தாய் நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

பக்கத்து வீட்டு ஆயிஷம்மாள் கடையநல்லூரில் படித்தவள். அவளிடம் சிலேட்டில் தன் பெயரை எழுதித் தரச் சொல்லி, வீட்டில் யாரும் இல்லாத பகல்களில் கோமதித்தாய் அதன் மேலேயே எழுதி எழுதிப் பழகினாள். கை பழகியதும் புருஷனிடம் கேட்டாள்.

"யார் பேருல எடுத்தா என்ன? வரும்படி ஒரே பெட்டிக்குத்தானட்டி வருது" என்றார் தங்கசாமி.

"அப்ப என் பேருல எடுங்க."

அடுத்து வந்தது மேலநீலிதநல்லூர் போகிற ரோட்டில் ஓடைப்பாலம். அவர் அவள் பெயரில் எடுத்தார். இந்த முறை தேங்காய்க் கூடை பேச்சித்தாய் கையில் இருந்தது. பேச்சித்தாய் அதைச் சிரித்த முகத்தோடே பிடித்துக்கொண்டு நின்றாள். கோமதித்தாய் திரும்பித் திரும்பிப் பார்த்தும் அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கோமதித்தாய் வெயில் நேரத்தில் மோர்ப்பானையோடு வேலை நடக்கிற இடத்துக்குப் போவாள். ஆட்கள் "முதலாளியம்மா வந்துட்டாங்க" என்பார்கள். அதைக் கேட்கத்தான் போனாள். முதலில் அப்படிக் கூப்பிட்டவன் மூக்காண்டி. கல் தூக்குகிறவன், வாயாடி. "மோர்ல உப்பு கூடிப்போச்சு, முதலாளியம்மா. சம்பளத்துல பிடிச்சுராதீங்க" என்பான்.

கயிறு அறுந்து கல் இறங்கியது அவன் காலில்தான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பாலம் முடிந்து பில்லும் பாஸான பிறகு, அவன் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டான். சம்மன் கண்ட்ராக்டர் கோமதித்தாய்க்கு வந்தது.

வக்கீல் ராஜதுரை வீட்டுக்கு நால்வரும் போனார்கள். அவன் மேஸ்திரி கூட்டிவந்த ஆள், கூலி கொடுத்ததும் மேஸ்திரி என்று தங்கசாமி ஆரம்பித்தார். அது செல்லாது என்றார் வக்கீல். இடையில் யார் இருந்தாலும், குத்தகை எடுத்தவர்தான் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. ஒரே வழிதான் உண்டு. இந்த அம்மா கண்ட்ராக்டரே இல்லை, பெயருக்கு இருந்தவர், வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லவேண்டும். அப்புறம் மூக்காண்டி வேறு ஆளைத் தேடி முதலிலிருந்து மனுப் போடவேண்டும். அலைந்தே களைத்துப்போவான்.

கோமதித்தாய்க்கு மூக்காண்டியை நினைத்துச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் அதற்கு ஒரு சாட்சி இருந்தால் நல்லது என்றார் வக்கீல்.

"நான் சொல்லுதேன்" என்றாள் பேச்சித்தாய். "அக்காவுக்கு எழுத்தே தெரியாது, நான்தான் கையைப் பிடிச்சுப் போட வச்சேன்னு சொல்லுதேன்."

தங்கசாமி பலே என்பதுபோலத் தலையாட்டினார். கோமதித்தாய் எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். காது இரண்டும் கொதித்தன. வீட்டைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள். ஆனாலும் அவ்வளவு வேகமாக, அவ்வளவு சுளுவாகவா அது வாயில் வரும்?

திருநெல்வேலியில் விசாரணை. மூக்காண்டி கட்டையை ஊன்றிக்கொண்டு ஓரமாக இருந்தான், பக்கத்தில் அவன் பெண்டாட்டி மாடத்தி. இருவரும் கோமதித்தாய் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். "இந்தப் பால வேலையை எடுத்தது நீங்களாம்மா?" என்று கேட்டார்.

வக்கீல் சொல்லிக்கொடுத்த பதில் வாய்வரை வந்தது. கதவோரம் பேச்சித்தாய் புதுச் சேலையில், தன் முறைக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமா. நான்தான் எடுத்தேன்" என்றாள் கோமதித்தாய்.

ராஜதுரை தொண்டையைக் கனைத்தார். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. "இவரைத் தெரியுமா?"

"மூக்காண்டி. என் ஆளு. என் வேலையிலதான் கால் போச்சு."

சொன்னதன் கீழே கையெழுத்துக் கேட்டார்கள். அவள் மெதுவாக, யார் கையும் பிடிக்காமல் போட்டாள். மாடத்தி ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்து மனம் இளகவேண்டும் என்று கோமதித்தாய்க்குத் தெரியும். அவள் கண் கதவோரமே போயிற்று.

படியிறங்கும்போது தங்கசாமி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நஷ்டஈட்டுக்கு ஒங்கப்பா தந்த புஞ்சை போகும், பாத்துக்க."

"போகட்டும்" என்றாள். சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தாள். கம்பு நல்லபடி விளைகிற நிலம்.

பஸ்ஸில் ஆண்கள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பேச்சித்தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கங்கைகொண்டான் தாண்டிய பிறகு சொன்னாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே, யக்கா. ஒங்களைன்னா, உக்காருங்கம்மான்னாரு. நான் நின்னுக்கிட்டே கெடந்தேன். ஏன் வந்தேன்னுகூட ஒருத்தரும் கேக்கல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கடைசியில் குரல் தடித்தது. அந்தத் தடிப்பு கோமதித்தாய்க்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பகல் அதை அடுப்படியில் விழுங்கியிருக்கிறாள். இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள் என்றால், இப்போது சந்தோஷமாக இருக்கவேண்டும். கொஞ்சம் இருக்கவும் செய்தது.

"காத்து வேணும்னா ஜன்னலோரம் வாயேன்" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் பேச்சித்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு.