குப்புறக் கிடந்த கல்

கடப்பாரையைக் கல்லின் அடியில் நுழைத்துவிட்டு ஈவார் திரும்பிப் பார்த்தார்.

"காபிய அங்கயே வச்சுட்டுத் தள்ளி நில்லு ஸ்வாலா. இது கால்ல விழுந்துச்சுன்னா இன்னைக்கே ரெண்டு குழி வெட்டணும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் சிவந்துபோய், தேவையே இல்லாமல் உள்ளங்கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டார். ஸ்வாலாவுக்குக் கோபம் வரவில்லை. பத்து நாளாக எல்லோரும் அவளிடம் மெதுவாகவே பேசிப் பேசிச் சலித்துப்போயிருந்தது.

குழி அவள் தம்பி கெஸ்தூருக்கு. முப்பத்திரண்டு வயது. மரக்கடையில் பலகை இறக்கிக்கொண்டிருந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நெஸ் பண்ணையின் பழைய இடுகாட்டில் அம்மா பக்கத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று போன கோடையிலேயே எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தான். கல்யாணத்தைப் பற்றிக்கூட யோசிக்காதவன் இதை ஏன் யோசித்தான் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

அம்மா ஹெர்தீஸின் கல்லறைக்குப் பக்கத்தில் இந்தக் கல் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. இந்தப் பண்ணையில் வாழ்ந்தவர்களின் சந்ததியினர் சேர்ந்து நடத்தும் நெஸ் வழியினர் சங்கம் பதினெட்டு கோடைகளாக இந்த இடுகாட்டைச் சீர்படுத்தி வருகிறது. ஈவார் அதன் தலைவர், பண்ணைக்காரரும் அவரே, அம்மாவுக்கு அண்ணன் முறை. செயலாளர் ஸ்வாலாவின் அப்பா டோர்ஃபி. சுவரைத் திரும்பக் கட்டினார்கள், இருபத்திரண்டு கல்லை நிமிர்த்தினார்கள், மென்மையான தூரிகையும் தண்ணீரும் மட்டும் வைத்துப் பாசியைக் கழுவி எடுத்தார்கள். இந்த ஒன்றை மட்டும் அப்பா தொட விடவில்லை. குப்புற விழுந்து கிடக்கிறது, தூக்கினால் இரண்டாகப் போய்விடும் என்பார். ஒவ்வொரு கோடையிலும் அதையேதான் சொன்னார்.

"உங்கப்பாகிட்ட சொல்லல. அந்த மனுசனுக்கு இன்னைக்கு நல்லதா ஒண்ணாவது கண்ணுல படட்டும். இந்த ஒரு கல்லுதான் பாக்கி, அதையும் நிமித்திட்டோம்னா மச்சானுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்றார் ஈவார்.

ஆறுதல் சொல்லக்கூட இவர்களுக்கு ஒரு கல்லைத் தூக்கத்தான் தெரியும். இன்னும் இரண்டு உறவுக்காரர்கள் கயிற்றை இழுத்தார்கள். மேலே ஆலாப் பறவைகள் கத்தின. முட்டையிடும் காலம் என்பதால் ஆள் தலை தெரிந்தால் கொத்த வரும், எது உயரமாக இருக்கிறதோ அதைத்தான் கொத்தும். அதனால் எல்லோரும் ஆளுக்கொரு குச்சியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் இடுகாட்டுக்கு வந்திருந்தார்கள். ஸ்வாலா குச்சியை எடுத்துவர மறந்திருந்தாள். காலையில் எழுந்ததிலிருந்தே வலது நெற்றிப்பொட்டில் லேசாக வலித்தது. அழுத வலிதான் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

கல் உடையவில்லை. புரண்டு, சுவரில் சாய்ந்து நின்றது. நூறு வருடத்துக்கு மேல் மண்ணைப் பார்த்தபடி கிடந்ததால் மழையும் பனியும் அதன் முகத்தைத் தொடவே இல்லை. எழுத்தெல்லாம் நேற்று வெட்டியது போல இருந்தது.

"அடடா, என்ன பளிச்சுன்னு இருக்கு! மச்சான் சும்மா பயந்திருக்காரு" என்று ஈவார் ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார்.

ஸ்வாலா படித்தாள். ஓட்னி, முப்பத்தொன்று. அவள் பிள்ளைகள்: டெய்தூர் இருபத்தாறு, சோல்ரூன் இருபத்தொன்பது, மார்கூஸ் இருபத்துநாலு, காத்ரின் முப்பத்துநாலு. கீழே ஒரே ஒரு வரி. 'எல்லோருக்கும் ஒரே தலைவலி. கல்லை நட்டவன், மிஞ்சியிருக்கும் கணவனும் தகப்பனும்.'

ஈவாருக்கு வாசிக்கக் கண்ணாடி வேண்டும், அது வீட்டில் இருந்தது. மற்ற இருவரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்வாலா தன் நெற்றிப்பொட்டில் கை வைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். கையை எடுத்தாள். வலி போகவில்லை. அவளுக்கு வயது முப்பத்தைந்து.

பண்ணை வீட்டுக்குப் போகும் பாதை நூறு அடிகூட இருக்காது. ஒரு ஆலா அவள் உச்சந்தலையில் கொத்திவிட்டுப் போனது. அவள் அதைத் துரத்தக்கூட இல்லை. தலைக்குள் ஏதோ ஒன்று பொறுமையாக உட்கார்ந்து காத்திருப்பதாகவும், வேகமாக நடந்தால் அது விழித்துக்கொள்ளும் என்றும் தோன்றியது. அடுப்படியில் அவள் மகள் ட்ரீஃபா அப்பங்களில் சர்க்கரை தூவிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பதினாலு வயசு. நாற்பது அப்பம் சுருட்டியதில் அவள் மூக்கிலும் சர்க்கரை.

"என்னம்மா, பேய பாத்த மாதிரி வர்ற?"

"தாத்தா எங்க?"

"உள்ள. ஷூவுக்குப் பாலிஷ் போடுறாரு. ஒரே ஷூவுக்கு அரை மணி நேரமா."

டோர்ஃபி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஷூ, பக்கத்தில் மடித்த காகிதம். நெஸ் மண்ணில் யாரைப் புதைத்தாலும் குழியின் தலைமாட்டில் நின்று பண்ணையின் முதல் தம்பதியிலிருந்து இறந்தவர் வரைக்கும் வழிவரிசையை வாசிப்பது சங்கத்தின் வழக்கம். விதியை எழுதியவர் டோர்ஃபி. பேர் மட்டும், வருடமும் வயதும் வேண்டாம் என்று அதில் இருந்தது.

ஸ்வாலா கதவைச் சாத்தினாள்.

"அந்தக் கல்லத் தூக்கிட்டாங்கப்பா."

அவர் துணியைக் கீழே வைத்தார். யார் தூக்கியது, ஏன் தூக்கினார்கள் என்று எதுவுமே கேட்கவில்லை.

"அம்மா ஐஸ்ல வழுக்கி விழுந்தாங்கன்னு சொன்னீங்க."

"விழுந்தாதான்." அவர் பாலிஷ் டப்பாவை மூடினார். "உள்ள வெடிச்சது முதல்ல. அப்புறமா விழுந்தா. உனக்கு எட்டு வயசு. ஐஸ்னு சொன்னா ஐஸைப் பாத்து நடப்ப. இத எதப் பாத்து நடப்ப?"

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"உங்கம்மா போன அப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். நான் இந்த வம்சமே இல்ல, எனக்கெதுக்கு இவங்க கொள்ளுப்பாட்டன் பேரு? அவ ஏன் செத்தான்னு தெரியணும், அவ்வளவுதான். சர்ச் ஏட்டுல எழுதி வச்சிருக்கான். தலைவலி, ரெண்டு நாள். தலைவலி, ஒரு நாள். பக்கத்துக்குப் பக்கம். இந்தக் கல்ல ஒரு நாள் தனியா வந்து நெம்பிப் பாத்தேன். பாத்துட்டு அப்படியே கவுத்துட்டேன்."

ஸ்வாலாவுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்காரப் பயமாகவும் இருந்தது.

"இதுக்குப் பரிசோதனை இல்லையா?"

"ரெய்க்யாவிக் ஆஸ்பத்திரியில இருக்கு. ரத்தம் கொடுத்தா சொல்லிருவாங்க. பெத்தவங்கள்ல ஒருத்தர்கிட்ட இருந்தா பிள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"மருந்து?"

அவர் ஷூவை எடுத்து அதன் மூக்கைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ, ஏட்டுல பாத்து எழுதின தாள எடுத்துட்டு உன் வீட்டுக்கு வந்தேன். ஒரு தடவ ட்ரீஃபாவுக்குப் பல்லு முளைச்சுதுன்னு காட்டினே. ஒரு தடவ எனக்குப் பிடிக்கும்னு மீன் சூப் வச்சே. சாப்பிட்டுட்டு வந்துட்டேன்."

"கெஸ்தூர்கிட்டயும் சொல்லலியா?"

டோர்ஃபி ஷூவைத் தரையில் வைத்தார். அடுப்படியில் ட்ரீஃபா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் சொன்னேன். அவன் போய் ரத்தம் கொடுத்தான். இருக்குன்னு வந்துச்சு. சிரிச்சான். அக்காகிட்ட மட்டும் சொல்லிறாதீங்கப்பா, அவ தூங்க மாட்டான்னான்."

தம்பி கையெழுத்துப் போட்டு வைத்த அந்தக் காகிதம் அவளுக்கு ஞாபகத்துக்கு வந்தது. இப்போது புரிந்தது. தம்பி ஒரு வருடம் முழுக்க இதை வைத்துக்கொண்டு அவளிடம் கார் டயரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசியிருக்கிறான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதால் தலை வலிக்குமே என்று அழும்போதே பயந்தாள். அந்தப் பயம் வந்ததற்காக வெட்கப்பட்டாள்.

"ட்ரீஃபாகிட்ட சொல்லிறாதே. அவளாவது தூங்கட்டும்" என்றார் அப்பா.

பாதிரியார் மூன்று முறை மண் போட்டார். கிட்டத்தட்ட அறுபது பேர் சுவருக்குள் நெருங்கி நின்றார்கள். குச்சிகள் எல்லாம் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. கல்லை எல்லோரும் பார்த்தார்கள், டோர்ஃபியின் தோளைத் தட்டினார்கள். இத்தனை பேர் கண் எதிரே இருந்தும் அந்த எண்களையும் கீழே இருந்த வரியையும் யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய காலம், அப்போது எல்லோரும் சீக்கிரம்தான் செத்தார்கள் என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

டோர்ஃபி காகிதத்தை விரித்தார். முதல் பேரைச் சொல்ல வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. இரண்டாவது முறையும் வரவில்லை. ஸ்வாலா போய்க் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

எதிரே ஈவாரின் மகள் வயிற்றில் பிள்ளையோடு நின்றாள். அவள் பக்கத்தில் ட்ரீஃபா, மூக்கில் இன்னும் அந்தச் சர்க்கரை. நான் வாயைத் திறந்தால் இன்றிரவு இவர்களில் யாரும் தூங்கப் போவதில்லை என்று ஸ்வாலா நினைத்தாள். பேரை மட்டும் வாசித்துவிட்டு ஒதுங்கிவிடலாம். அப்பா அதைத்தான் செய்தார், தம்பியும் அதைத்தான் செய்தான். இரண்டு பேரும் அவள் மேல் இருந்த பிரியத்தால்தான் செய்தார்கள். அந்தப் பிரியத்தோடு தனியாக ஒரு வருடம் உட்கார்ந்திருந்தவன் இதோ குழிக்குள் இருக்கிறான்.

"ஓட்னி" என்று வாசித்தாள். "முப்பத்தொன்று."

டோர்ஃபி தலையைத் தூக்கினார்.

"ஓட்னியின் மகள் சோல்ரூன். இருபத்தொன்பது. சோல்ரூனின் மகன் இல்லுகி." இல்லுகியின் கல் நாலு அடி தள்ளி இருந்தது, அதைத் திரும்பிப் பார்த்தாள். "முப்பது. இல்லுகியின் மகள் விக்தீஸ், முப்பத்தாறு. விக்தீஸின் மகள், என் அம்மா ஹெர்தீஸ், முப்பத்து மூன்று. அம்மா ஐஸ்ல வழுக்கி சாகல." அவள் நிறுத்தவில்லை. "ஹெர்தீஸின் மகன் கெஸ்தூர். முப்பத்திரண்டு. எல்லாருக்கும் ஒரே தலைவலிதான். அந்தக் கல்லுல எழுதியிருக்கு. இப்ப அதுக்கு ரத்தப் பரிசோதனை இருக்கு."

பாடகர் குழு பாட வேண்டிய நேரம் அது, அவர்களும் பாடவில்லை. ஈவார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கல்லின் அருகே போய்க் குனிந்து வாசித்தார். காத்ரின் அவருடைய கொள்ளுப்பாட்டி. நிமிர்ந்தபோது அவர் தன் மகளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

"எங்கப்பா" என்றார். "முப்பத்தொன்பது. படகுல இருந்து விழுந்தாருன்னு சொன்னாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "என் தங்கச்சி லீனா. இருபத்தேழு" என்றார்.

சுவரோரத்தில் ஒரு கிழவர் ஒரு பேரையும் ஒரு எண்ணையும் சொன்னார். பிறகு ஒரு பெண் சொன்னாள். சத்தமாக இல்லை, சர்ச்சில் பதில் சொல்வது போல. ஈவாரின் மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகுதான் பாட்டு தொடங்கியது.

காபிக்காக எல்லோரும் மெதுவாக வீட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். ட்ரீஃபா அம்மாவோடு ஒட்டி நடந்தாள், தன் குச்சியை அம்மாவின் தலைக்கு மேல் பிடித்தபடி.

"அம்மா, உனக்கு என்ன வயசு?"

அவளுக்குத் தெரியாமல் இல்லை. போன மாதம் கேக் செய்ததே அவள்தான்.

"முப்பத்தஞ்சு."

"தலை வலிக்குதா?"

பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று ஸ்வாலாவுக்கு வியப்பாக இருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"காலையிலேருந்து. கொஞ்சமா."

ட்ரீஃபா குச்சியை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு அம்மாவின் விரல்களைப் பிடித்தாள். அவள் கை சர்க்கரையில் பிசுபிசுத்தது.

வாசலில் ஸ்வாலா திரும்பிப் பார்த்தாள். இடுகாட்டில் அப்பா மட்டும் இருந்தார். பாலிஷ் போட்ட ஷூவோடு ஈர மண்ணில் முழங்கால் ஊன்றி, கோட்டுப் பையிலிருந்து தூரிகையை எடுத்து, ஓட்னியின் எண்ணுக்குள் அடைந்திருந்த மண்ணைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். ஆலாக்கள் அவர் தலையைக் கொத்திக்கொண்டிருந்தன.