பத்து மணி டிக்கெட்

காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி கேட்டில் வரிசை நிற்கும். பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் போகக் கூடாது. ஒவ்வொருவரும் போனை அணைத்து என்னிடம் கொடுக்க வேண்டும். நான் அதை மரப்பெட்டியின் கட்டத்தில் வைத்துவிட்டு, நம்பர் போட்ட தகர வில்லை ஒன்றைக் கொடுப்பேன். சாயங்காலம் வில்லையைத் தந்தால் போன் திரும்பக் கிடைக்கும். அறுபத்திரண்டு பேர், அறுபத்திரண்டு கட்டம். அச்சாபீஸில் ராத்திரி ஷிப்ட் பார்க்க முடியாமல் பாதியில் விட்டு வந்தவனுக்கு இந்த வேலை போதும் என்று முதலாளி மகன் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசை நகரவே இல்லை. எல்லாரும் டிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

வைப்பாறு கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாத்தூரில். எங்கள் ஊர் மின்னல் அணி முதல்முறையாக இறுதிக்கு வந்திருந்தது. போன வருஷம் மூங்கில் கேலரி ஒரு பக்கம் சரிந்ததால், இந்தத் தடவை எண்ணூறு பேருக்குத்தான் இடம், டிக்கெட் ஆன்லைனில் மட்டும் என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். செவ்வாய் காலை பத்து மணிக்குத் திறக்கும். ஒரு போன் நம்பருக்கு இரண்டு டிக்கெட். பேர் போட்டுத்தான் வரும்.

பத்து மணிக்கு எங்கள் அணியின் ரசிகர்கள் பாதிப் பேர் போன் இல்லாமல் ஷெட்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

"சாத்தூர்க்காரன் வேணும்னேதான் பத்து மணின்னு வச்சிருக்கான். நம்ம ஆளுக அந்நேரம் எங்கன இருப்பாகன்னு அவனுக்குத் தெரியாதா?" என்றான் முனியராஜ். எங்கள் அணியின் ஒரு ஆட்டத்தையும் விடாதவன். கொடி அவன் வீட்டில்தான் இருக்கிறது.

"லீவு போட வேண்டியதுதானலே," என்றான் பின்னால் நின்ற சோலைமலை.

"சீசன்ல லீவு கேட்டா கனகசபாபதி சார் ஒரேயடியா லீவு குடுத்துருவாரு."

கனகசபாபதி எங்கள் போர்மேன். அவர் பேரைச் சொன்னதும் நாலு பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அவர் அங்கே இல்லை.

"எனக்கு டிக்கெட்டே வேண்டாம்ப்பா," என்று சோலைமலை சத்தமாகச் சொன்னான். "ஓசியில குடுத்தாலும் வர மாட்டேன். பதினோரு வருசம் வெயில்ல நின்னு பயலுகள உருவாக்குன மனுசன, கால் இறுதி ஜெயிச்ச மறுவாரம் தூக்குறீக. மதுரையில இருந்து ஒரு கூலிங்கிளாஸக் கூட்டியாறீக. அந்தாளுக்கு நான் கை தட்டணுமாக்கும்?"

"கூலிங்கிளாஸ் வந்த பொறவு செமியில ஒரு கோலு வாங்கலல்ல?" என்றான் முனியராஜ்.

"எதுத்தாப்புல ஆடுனவன் பந்த மேகத்துக்கு அடிச்சான். அதுக்கு இவரு என்ன செஞ்சாரு?"

அழகுமீனா தன் போனை என் மேஜையில் டக்கென்று வைத்தாள். சரம் பின்னுகிற ஷெட்டில் வேலை. வாய் திறந்தால் வரிசை முழுக்கக் கேட்கும். "நீ கோச்சப் பாக்கவா மேட்ச்சுக்குப் போற? ஓடுற பயலுகளப் பாரு. போன வருசம் ரெண்டு மேட்ச் தோத்ததுக்கு ஆறு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வராம இருந்தவன் நீ. இப்ப வந்து விசுவாசம் பேசுற."

"அது வேற, மீனாக்கா."

"ஒனக்கு எல்லாம் வேறதான். வெலகுலே."

சிரிப்பு எழுந்தது. அப்படியே அடங்கியது. வரிசையின் கடைசியில் நாகையா வந்து நின்றிருந்தார்.

பதினோரு வருஷம் கோச்சாக இருந்தவர் அவர்தான். கம்பெனியில் ஷெட்டுக்கு ஷெட் தட்டுச் சுமக்கிற வேலை. அவரைக் கோச் வேலையிலிருந்து தூக்கலாமா வேண்டாமா என்று அணியின் கமிட்டி கூடியபோது ஒன்பது பேர் இருந்தோம். ஜெர்சிக்கும் வேனுக்கும் காசு கொடுக்கிற முதலாளி மகன், சர்டிபிகேட் உள்ள கோச் வேண்டும் என்றார். நாலு கை ஒரு பக்கம், நாலு கை மறுபக்கம். அவர் என்னைப் பார்த்தார். இந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தவர் அவர். நான் அவர் பக்கம் கையைத் தூக்கினேன். நாகையா அறையின் மூலையில் நின்று அதைப் பார்த்தார். மறுநாள் காலை வழக்கம்போல பட்டன் போனை என் மேஜையில் வைத்து வில்லையை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாதமாகத் தினமும் அப்படித்தான்.

அன்றைக்கும் அப்படித்தான் வைத்தார். அந்தப் போனில் டிக்கெட் எடுக்க முடியாது. யாரிடமும் அவர் கேட்கவும் மாட்டார். அவர் உருவாக்கிய அணி கோப்பைக்கு ஆடும்போது அவர் வீட்டில் இருப்பார். ஒரு டிக்கெட்டை அவர் பேரில் எடுத்துக் கொடுத்துவிட்டால், மறுநாள் காலை என் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். திட்டினாலும் சரி.

உள்ளே போகுமுன் அழகுமீனா குனிந்து, "அருளு, என் போனு பின் நம்பரு தாரேன். எம்பேரும் எம்பக்கத்துல பின்னுற இருளம்மா பேரும் போட்டு எடுத்துரு," என்றாள். முனியராஜும் தன் போனின் பின் நம்பரைச் சொன்னான். சரி என்றேன்.

எப்படி எடுப்பது என்று பிறகுதான் யோசித்தேன். கேட்டு ரூமில் வைத்துப் போனைப் போட முடியாது. முதல் ஷெட் நாற்பதடியில் இருக்கிறது. ரோட்டுக்குப் போக வேண்டும். செல்போன் தடை என்று எழுதிய மஞ்சள் போர்டைத் தாண்டி, சின்னப் பாலம் வரைக்கும், இருநூறு எட்டு. ஆனால் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு நகரக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர் டீக் குடிக்கப் போனபோது ஆடு உள்ளே வந்து, அதோடு அவர் வேலை போனது. ராத்திரிக்குப் போடுகிற பூட்டு கொக்கியில் தொங்கியது.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, வெளியே வந்து கேட்டைச் சாத்திப் பூட்டினேன். பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். உள்ளே அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். சுற்றிலும் முள்கம்பி, அதற்கு வெளியே சீமைக்கருவேலம். வேறு வாசல் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

பாலத்துச் சுவரில் மூன்று போன்களையும் வரிசையாக வைத்தேன். என்னுடையது, அழகுமீனாவுடையது, முனியராஜுடையது. பத்து மணிக்குத் திறந்தது. என் போனில், உங்களுக்கு முன்னால் 214 பேர் என்று வந்தது. வெயில் திரையில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். நூற்று எண்பது. தொண்ணூறு. பத்து ஏழுக்கு என் முறை வந்தது. கிழக்குக் கேலரி, 41, 42. நாகையா, அருள்பாண்டி என்று பேர் அடித்தேன். பணம் போனது. டிக்கெட் வந்தது. அழகுமீனாவின் போனில் அவளுக்கும் இருளம்மாளுக்கும் கிடைத்தது. முனியராஜின் போனில் முப்பத்தொரு பேர் பாக்கி.

அப்போதுதான் வெடிச்சத்தம் கேட்டது.

இங்கே சத்தம் கேட்டால் வெளியில் இருப்பவன் முதலில் வானத்தைப் பார்ப்பான். எந்தப் பக்கம் புகை என்று தேடுவான். உள்ளே இருப்பவன் எதையும் பார்க்க மாட்டான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடுவான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அது ஒன்றுதான்.

நான் வானத்தைப் பார்த்தேன். புகை இல்லை. பிறகு கேட்டைப் பார்த்தேன்.

ஓடினேன். இருநூறு எட்டும் முடியவே இல்லை. பாதி வழியில் கேட்டுக்கம்பிகளுக்கு நடுவே கைகள் தெரிந்தன. முழங்கை வரை அலுமினியப் பொடி ஒட்டி, வெள்ளையாக மினுங்குகிற கைகள். யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெண்கள் குரல் ஒன்றாகச் சேர்ந்து, வார்த்தை இல்லாமல் வந்தது.

பூட்டைத் திறந்தேன். கதவு அசையவில்லை. அந்தக் கேட்டு உள்பக்கமாகத் திறக்கும். அறுபது பேர் அதை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியிலிருந்து தள்ளினேன். அவர்கள் உள்ளிருந்து தள்ளினார்கள். கம்பியில் ஒரு முகம் நசுங்கி என் முகத்துக்கு நேராக இருந்தது. இருளம்மாள். அவளுக்கு மூச்சு வரவில்லை.

"தள்ளாதீக!"

நாகையாவின் குரல். மைதானத்தில் கேட்ட அதே குரல். அவர் எப்படி முன்னால் வந்தார் என்று தெரியவில்லை. கேட்டில் முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் விரித்து, கூட்டத்தைப் பார்த்து நின்றார். "பின்னுக்குப் போங்க! அஞ்சடி! ஏலே முனியா, பின்னால இருக்கவன இழு. சோலை, இடது பக்கம் புடி. கேட்டு உள்ள வரணும். அஞ்சடி விடுங்க!"

கூட்டம் அரை அடி விட்டது. பிறகு ஒரு அடி. கதவு ஒரு ஆள் அளவுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முதலில் இருளம்மாளைத் தூக்கிவிட்டார் நாகையா. கடைசியில் அவர் வந்தார்.

எல்லாரும் பாலம் வரைக்கும் ஓடி நின்றார்கள். கனகசபாபதி எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். அறுபத்திரண்டு. பக்கத்துக் கல்குவாரியில் நேரம் தவறி வெடி வைத்துவிட்டார்கள் என்று யாரோ சுவரில் கிடந்த என் போனில் விசாரித்துச் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. இருளம்மாள் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

முனியராஜ் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்தான். "கெடைச்சதாலே?"

"ஒனக்கு இல்ல. முப்பத்தொண்ணாவதா நின்னுச்சு."

அவன் பாலத்துச் சுவருக்கு ஓடித் தன் போனை எடுத்துப் பார்த்தான். டிக்கெட் முடிந்துவிட்டது என்று வந்திருந்தது.

அழகுமீனாவின் முழங்கையில் ரத்தம் வழிந்தது. சுவரிலிருந்து தன் போனை எடுத்து டிக்கெட்டைப் பார்த்தாள். பேரைச் சரி பார்த்தாள். பிறகு அறைந்தாள். காது அடைத்துவிட்டது. அவள் சொன்ன எதுவும் அந்தக் காதில் விழவில்லை. மற்றக் காதில் விழுந்தது போதும்.

கனகசபாபதி கத்தவில்லை. கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். "இனி உள்ள காலு வைக்காத," என்றார். என் சைக்கிள் கேட்டு ரூமுக்குப் பின்னால் நிற்கிறது என்றேன். "அஞ்சு மணிக்கு வெளிய தள்ளி விடச் சொல்றேன். அதுவரைக்கும் கேட்டுப் பக்கமே வராத."

லோடு போக வேண்டிய நாள். முக்கால் மணி நேரத்தில் எல்லாரையும் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். யாரும் மறுக்கவில்லை. மறுபடியும் வரிசை. பெட்டியிலிருந்து எடுத்து வந்த போனில் வீட்டுக்குப் பேசி முடித்தவர்கள் அதை அணைத்தார்கள். என் நாற்காலியில் கனகசபாபதி உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்.

நாகையா வரிசையின் கடைசியில் நின்றார். நான் ரோட்டிலிருந்தே கூப்பிட்டேன். திரும்பமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். சட்டையின் முதுகில் கேட்டுக்கம்பியின் துரு கோடு கோடாகப் பதிந்திருந்தது.

"அண்ணே, உங்க பேருல ஒரு டிக்கெட் எடுத்திருக்கேன்."

"இதுக்குத்தான் பூட்டுனியா?"

"ஆமாண்ணே."

"அன்னைக்கு நீ கையத் தூக்குன. அது ஒரு பக்கம் கெடக்கட்டும். கோச்ச மாத்துறது ஊரு ஒலகத்துல நடக்குறதுதான். தோத்தாலும் மாத்துவான், ஜெயிச்சாலும் மாத்துவான். ஒனக்குப் பொழப்பு அங்கன மாட்டியிருந்துச்சு, அதுவும் தெரியும். எனக்கு ஒம்மேல கோவமே இல்ல." கேட்டைப் பார்த்தார். "இது அது இல்லலே. உள்ள ஆளு இருக்கும்போது பூட்டிட்டுப் போயிருக்க."

போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"எந்தப் பக்கம்?"

"என்னண்ணே?"

"சீட்டு எந்தப் பக்கம்?"

"கெழக்கு. நாப்பத்தொண்ணு. ஆதார் காட்டுனாப் போதும், உள்ள விட்ருவாக."

"கெழக்குன்னா சாயங்கால வெயிலு மூஞ்சில அடிக்கும்." தலையை ஆட்டினார். "இருக்கட்டும். நம்ம லெப்ட் பேக் பய அந்தப் பக்கம்தான் ஓடுவான். ரெண்டாவது பாதியில மூச்சு வாங்குவான். அத அந்த மதுரைக்காரரு பாத்தாரா என்னன்னு தெரியல." எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "நாப்பத்திரெண்டு யாரு?" என்றார்.

"நாந்தாண்ணே."

"நீ வராத."

போய்ப் போனைக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கேட்டை யாரும் சாத்தவில்லை.

ஊருக்கு நாலு மைல். நடந்து போயிருக்கலாம். போனால் யாராவது என்ன இந்நேரம் என்று கேட்பார்கள். பாலத்தில் உட்கார்ந்தேன். டிக்கெட்டை ரத்து செய்ய முடியுமா என்று பார்த்தேன். முடியாது. பேரை ஒரு தடவை மட்டும் மாற்றலாம் என்று இருந்தது. கோச்சைத் தூக்கியதற்காகச் சத்தம் போட்டவன் ஒருவன்தான். நாகையா பக்கத்தில் உட்கார அவனுக்குத்தான் யோக்கியதை. 42இல் சோலைமலை என்று மாற்றினேன். அவனுக்கு அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. அவன் போன் பெட்டியில் இருந்தது.

ஐந்து மணிக்கு எல்லாரும் வந்தார்கள். சைக்கிளை ஒருவன் வெளியே தள்ளி, ஸ்டாண்டு போடாமல் வேலியில் சாய்த்துவிட்டுப் போனான். பெண்கள் என்னைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தினார்கள். தாண்டியதும் தொடர்ந்தார்கள். முனியராஜ் பார்க்காமல் போனான்.

சோலைமலை போனைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றான்.

"எனக்கு எதுக்குலே அனுப்புன? நாந்தான் வரலன்னு சொன்னேனே. எல்லாரும் கேட்டாகளே."

"வேண்டாம்னா விட்ரு. பேர இனி மாத்த முடியாது. சீட்டு சும்மா கெடக்கும்."

"நாலு பேரு நாலு விதமாப் பேசுவாகல்ல? கூலிங்கிளாஸுக்குக் கை தட்டப் போறான்னு."

"கை தட்டாம பாரு."

அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். மறுபடி எடுத்துப் பார்த்தான். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. இரண்டு எட்டுப் போனவன் திரும்பினான்.

"ஞாயித்துக்கிழம வண்டி எத்தன மணிக்கு எடுக்காகலே?"

"யாருக்குத் தெரியும்," என்றேன்.