ஒற்றை ஆளுக்கு ஒரு கப்பல்

போலீஸ்காரர் விசாரித்துவிட்டுப் போன மறுநாள் காலை மொக்கையன் வீட்டில் இருந்தவர்கள்: கயிற்றுக் கட்டிலில், இடுப்புக்குக் கீழே ரப்பர் விரிப்புடன், மொக்கையன், இடது கையும் காலும் விழுந்து நான்கு வருடம் ஆகிறது, பேச்சு மட்டும் விழவில்லை. மலைமேல் ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருக்கும் மூத்த மகன் பெரியகருப்பன். பொட்டிபுரத்தில் குடியிருக்கும் இளைய மகன் சுருளிவேல். அவன் பெண்டாட்டி பொன்னுமணி, வாசல் நிலையை ஒட்டி, உள்ளே வந்தும் வராமலும். இரண்டு மகன்களுக்கும் நடுவில் பிறந்த அன்னக்கொடி, அப்பனின் துணியை அலசிப் போட்டுவிட்டு வந்த ஈரக் கையோடு. விசாரணை அவளைப் பற்றியது என்பதால் அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டான் பெரியகருப்பன்.

"கோயில் இல்லண்ணே. கப்பல். கொச்சியில ஏறுனா அஞ்சு நாளு தீவெல்லாம் சுத்திக் காட்டிட்டு திரும்பக் கொச்சியிலயே எறக்கி விட்ருவாங்க."

"ஏறுன எடத்துலயே எறங்குறதுக்கு எதுக்கு ஏறணும்?"

"ராட்டினத்துல ஏறுறவன் கிட்டப் போயிக் கேளுடா," என்றார் மொக்கையன் கட்டிலிலிருந்து. மகள் பக்கம் பேசுகிறாரா என்றால் இல்லை. யார் வாயையாவது அடைப்பதில் அவருக்கு ஒரு சுகம்.

சுருளிவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "ஒத்தையிலயா போற?"

"ஒத்தையிலதான்."

"அங்கிட்டு யாரு காத்துக்கிட்டு இருக்கான்?"

"காத்திருக்க ஒருத்தன் இருந்தா நான் எதுக்குடா கப்பலுக்குப் போறேன்."

அன்னக்கொடிக்கு நாற்பத்துமூன்று வயது. பத்தொன்பதில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் புருஷன் மலையேறி, வண்டன்மேட்டுப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டான். இவள் அப்பன் வீட்டுக்குத் திரும்பினாள். அதன்பிறகு அந்த வீட்டின் பிரசவங்கள், சாவுகள், அம்மாவின் புற்றுநோய், இப்போது அப்பனின் பீமூத்திரம் எல்லாம் யாரும் பேசி முடிவு செய்யாமலே அவள் தலையில் வந்து இறங்கின. காலையில் அப்பனைக் கழுவி, கஞ்சி ஊட்டி, ஏலக்காய்க் கடைக் கொட்டகைக்குப் போவாள். அங்கே நூறு பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்குவாள். மதியம் ஓடிவந்து ஒருமுறை கழுவுவாள். சாயங்காலம் ஒருமுறை. மொக்கையனுக்கு அவள் சோற்றில் கை வைக்கும் நேரம் எப்படியோ தெரிந்துவிடும். சரியாக அப்போதுதான் கூப்பிடுவார்.

கொட்டகைக்குச் சரக்கு பார்க்க வரும் எர்ணாகுளத்துக் கம்பெனியின் மலையாளி குமாஸ்தா ஒருவர் ஒருநாள் தன் பெண்டாட்டியோடு போய்வந்த கப்பலைப் பற்றி எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தார். வர்ணத்தில் அச்சடித்த நோட்டீஸ் ஒன்றும் வைத்திருந்தார். மற்றப் பெண்கள் கப்பலைப் பார்த்தார்கள். அன்னக்கொடி கப்பலைச் சுற்றியிருந்ததைப் பார்த்தாள். போடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. மூன்று பக்கமும் முழங்கை ஊன்றிக்கொண்டு ஊரையே குனிந்து பார்க்கும். அந்தப் படத்தில் எந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை.

"நடுக்கடல்ல இருக்கும்போது வீட்டுலருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டா?" என்று கேட்டாள்.

குமாஸ்தா சிரித்தார். "எங்ஙனெ கூப்பிடும் சேச்சி? நீந்தி வரணும்."

அவளுக்கு அது போதும். பஸ்ஸில் போனால் அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வரலாம். ரயிலில் போனால் மதுரையில் காத்திருந்து பிடிக்கலாம். கோயிலுக்குப் போனாலும் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். கூப்பிட்டால் கேட்காத இடம் ஒன்று இருக்கிறது, அங்கே சோறும் போட்டுப் படுக்கையும் தருகிறார்கள் என்பது நாற்பத்துமூன்று வருடமாக அவளிடம் யாரும் சொல்லாத செய்தி.

குமாஸ்தாதான் கப்பலுக்கான விண்ணப்பப் பாரம் வாங்கிவந்து கொட்டகையிலேயே வைத்து நிரப்பினார். எதற்காகப் பயணம் என்ற இடத்தில் உல்லாசம் என்று எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். கொட்டகை முழுக்க முறங்கள் குலுங்கின. அன்றிலிருந்து அவள் பெயர் கப்பக்காரி. "கப்பக்காரி, கொஞ்சம் தண்ணி கொண்டா, கடல் தண்ணியா இருந்தாலும் பரவால்ல." அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். கேலி பேசுபவர்களில் ஒருத்திக்கும் அவள் மேல் கோபம் இல்லை, பொறாமைதான். பொறாமையைச் சமாளிக்க அவளுக்குத் தெரியும்.

போட்டோ எடுக்கப் போனபோது ஸ்டுடியோக்காரர் வழக்கம்போல இரண்டு நாற்காலி போட்டார். ஒன்று போதும் என்றாள். "ஒத்தையில எடுக்குறது கல்யாணத் தரகருக்கு. இல்லேன்னா செத்தவங்களுக்கு. நீங்க எதுல சேத்தி?" என்றார் அவர். "கப்பல்ல," என்றாள்.

முதல் தடவை பாரம் திரும்பி வந்தது. தனியாக வரும் பெண் என்றால் புருஷனோ தகப்பனோ சம்மதம் எழுதித் தரவேண்டும் என்று டிக்கெட் ஏஜெண்ட் கேட்டிருந்தான். அவள் குமாஸ்தாவையே எழுதச் சொல்லி வாங்கிவந்து, அப்பன் அயர்ந்து தூங்கும்போது வலது கட்டைவிரலில் மை தடவினாள். மொக்கையன் ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்னத்தடி எழுதி வாங்குற?"

"சொத்த."

"அதுல ஒரு மயிரும் இல்ல. ஒத்திக்க." கண்ணை மூடிக்கொண்டார்.

கப்பலில் நான்கு பெண்கள் படுக்கும் அறையில் கீழ்ப்படுக்கை கிடைத்தது. கேட்டு வாங்கியது அவள்தான். மேலே ஏறி விழுந்து தொலைத்தால் அஞ்சு நாளும் போச்சு. எல்லாம் சரியாகப் போயிருக்கும். தீவுக்குப் போவதற்குப் போலீஸ் சான்று வேண்டும் என்பதும், அதற்கு ஏட்டு தெருவில் நின்றுகொண்டு, "உல்லாசப் பயணம் போற அன்னக்கொடி வீடு எது?" என்று கேட்பார் என்பதும்தான் அவள் கணக்கில் வராமல் போனது.

"அம்மா காதுத் தண்டட்டி எங்க?" என்றான் பெரியகருப்பன். அதைக் கேட்கவும்தான் அவன் வந்திருந்தான்.

"வித்தாச்சு. அதுலதான் டிக்கெட்டு."

"யாரக் கேட்டு வித்த?"

"அம்மாவக் கழுவுறப்ப யாரும் என்னையக் கேக்கல. அதனால நானும் கேக்கல."

பிறகுதான் பெரியகருப்பன் உண்மையான விஷயத்துக்கு வந்தான். அந்த அஞ்சு நாளும், போக வர ரெண்டு நாளும், அய்யாவை யார் பார்ப்பது?

"தோட்டத்துல ஆனை எறங்குது," என்று அவனே முந்திக்கொண்டான். "எந்திரிச்சு ஓட முடியாத மனுசன அங்க வச்சு நான் என்ன செய்ய?"

"ஆனை என்னையத் திங்காதுடா. மோந்து பாத்துட்டுப் போயிரும்," என்றார் மொக்கையன்.

எல்லோரும் சுருளிவேலைப் பார்த்தார்கள். அவன் தாடையைச் சொறிந்தான். பெரியகருப்பன், "ஊரு சிரிச்சாச்சு. இனி தடுத்தா இன்னும் சிரிக்கும். வச்சுக்கடா, ஏழு நாளுதான," என்றான். "சரி, கொண்டாந்து விடு," என்றான் சுருளிவேல். இரண்டு ஆண்கள் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

பொன்னுமணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான முதல் வருடம், சீரில் குறைந்த வளையலுக்காக மொக்கையன் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் அவளுடைய இடது மணிக்கட்டு ஒடிந்து கோணலாகவே கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னது அன்னக்கொடி. அன்றைக்கு ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள். அதற்குப்பிறகு அதை அவள் நினைத்ததில்லை. இப்போதும் நினைக்கவில்லை. கப்பலில் குளிருமா, சால்வை வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மூன்று வாரமும் மொக்கையன் தன்னால் ஆனதைச் செய்தார். ஊட்டிய கஞ்சியைத் துப்பினார். கழுவித் துடைத்து விரிப்பு மாற்றிய நிமிஷத்தில் மறுபடி நனைத்தார். "நான் செத்தா கப்பலுக்குத் தந்தி வருமாடி?" என்று கேட்டார்.

"வராது."

"அப்ப கொள்ளி வைக்கிறது தெரியாம மீன் தின்னுக்கிட்டு இருப்ப."

"ஆமா."

பதிலில் அவர் கொஞ்சம் மிரண்டது தெரிந்தது. அவள் அதை ரசித்தாள்.

குமட்டினால் மெல்ல ஏலக்காய், எலுமிச்சை, பிளாஸ்டிக் மக்கு, மூன்று சேலை, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நைட்டி. பெட்டியை அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்கினாள். சனிக்கிழமை மதியம் கப்பல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடியில் பஸ் ஏறினால் சரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் காமராஜின் ஜீப்பில் அப்பனைப் பின்னால் படுக்கப் போட்டு, தலையை மடியிலும் பெட்டியைக் காலடியிலும் வைத்துக்கொண்டு பொட்டிபுரம் போனாள். காலையும் மாலையும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் அது. காமராஜ் வழியெல்லாம் பேசினான்.

"எக்கா, கப்பல்ல ஸ்டாப்பிங் கேட்டா நிப்பாட்டுவாங்களா?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

"கப்பல்ல போறவளுக்கு எதுக்குடா ஜீப்பு. நீந்திப் போகச் சொல்லு," என்றார் மொக்கையன்.

சுருளிவேலின் வீடு ஊருக்கு வெளியே கடலைக் காட்டுக்குள் தனியாக நின்றது. வாசல் கதவில் பூட்டுத் தொங்கியது.

அன்னக்கொடி கூப்பிட்டாள். தட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். காமராஜ் இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சாயங்கால லோடு இருந்தது. தூரத்தில் ஆடு மேய்த்தவர், சுருளி காலையிலேயே அண்ணனைப் பார்க்க மலைக்குப் போய்விட்டதாகக் கத்திச் சொன்னார். நாளைக்கோ மறுநாளோ இறங்குவானாம். அவள் வெயிலில் நின்றாள். திரும்பிப் போனால் இந்தப் பூட்டு அவள் சாகும்வரைக்கும் இப்படியே தொங்கும்.

ஜீப்புக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"முன்னால பூட்டிட்டுப் பின்னால இருந்து சோறு திங்கிறது, அவன் எங்கிட்டப் படிச்சதுடி. சொசைட்டிக்காரன் கடன் வசூலுக்கு வந்தா நான் அப்பிடித்தான் செய்வேன். எனக்கே காட்டுறானா? பின்னாடி போயிப் பாரு."

அவள் சுற்றிக்கொண்டு போனாள். கொல்லையில் பொன்னுமணி முறத்தை மடியில் வைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பின்கதவு திறந்து கிடந்தது. அன்னக்கொடியைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அவரு இல்ல மதினி. முன்கதவுச் சாவியும் அவருகிட்டத்தான் இருக்கு."

"கட்டில் இருக்குல்ல," என்றாள் அன்னக்கொடி.

அவளும் காமராஜும் போர்வையோடு சேர்த்துத் தூக்கிவந்தார்கள். பொன்னுமணி ஒதுங்கி வழிவிட்டாள். மொக்கையனை உள்ளறைக் கட்டிலில் போட்டதும், "மோரு இருந்தாக் கொண்டா," என்று மருமகளிடம் கேட்டார். காமராஜ் நெற்றியைத் துடைத்தபடி ஜீப்புக்குப் போனான். "வெரசா வாக்கா."

கொல்லையில் இரண்டு பெண்களும் நின்றார்கள்.

"என்னைய யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள் பொன்னுமணி. குரல் உயரவில்லை. "உங்க தம்பி கேக்கல. மாமா கேக்கல. நீங்களாச்சும் கேட்டீங்களா?"

"ஏழே நாளுத்தா."

"இந்தக் கையால எப்பிடித் தூக்கிக் கழுவ? கெணத்தடியில விழுந்த கை."

அன்னக்கொடி முந்தானையை இழுத்துச் செருகினாள். சொல்வதற்கு ஒன்றிரண்டு இருந்தன. சொன்னால் நேரமாகும். "பஸ்சுக்கு நேரமாச்சு," என்றாள்.

"போங்க. நல்லாப் பாத்துட்டு வாங்க. நீங்க அங்கிட்டுப் போனதும் நான் இங்கிட்டுப் போறேன். எங்காத்தா வீட்டுக்குத் தேவாரம் பஸ்சு இருக்கு. அந்தாளு கெடக்கட்டும். தண்ணி கேட்டுக் கத்தட்டும், காட்டுக்குள்ள யாருக்குக் கேக்குது." பொன்னுமணி முறத்தைக் கீழே வைத்தாள். சேலையில் ஒட்டியிருந்த தோல்களை உதறினாள். "நாலு சேலைய எடுத்துக்கிட்டா முடிஞ்சுது எஞ் சோலி."

சொன்னவள் உள்ளே போனாள்.

பின்கதவின் நாதாங்கியில் ஒரு பித்தளைப் பூட்டு வாயைத் திறந்து தொங்கியது. அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் சாதி. திறக்கத்தான் சாவி வேண்டும். அந்தச் சாவி எங்கே என்று அன்னக்கொடிக்குத் தெரியாது. ஜன்னல்களுக்குக் கம்பி இருந்தது. அரிசி இருக்கும், தண்ணீர் இருக்கும். சுருளி நாளைக்கு வருவான். இல்லையென்றால் மறுநாள்.

கீழே முறத்தில் ஒரு கோழி ஏறி நின்று பருப்பைக் கொத்த ஆரம்பித்தது. முன்பக்கம் காமராஜ் ஹாரன் அடித்தான். உள்ளே தகரப் பெட்டி திறக்கும் சத்தம். "யாரு, பொன்னுமணியா? எங்க கெளம்பிட்ட?" என்ற மொக்கையனின் குரல். தகரப் பெட்டி மூடும் சத்தம்.

அன்னக்கொடி கதவை இழுத்துச் சாத்தி நாதாங்கியை மாட்டினாள். கொலுசுச் சத்தம் கதவை நோக்கி வந்தது. அவள் பூட்டை அமுக்கினாள்.