பூட்டோடு போன ராலி

புதுநகரம் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றபோதே நூஹு ராவுத்தருக்கு அந்த ரயில் கார்டின் முகம் பிடிக்கவில்லை. அவர் ஏற்ற வந்த சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கையிலிருந்த காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டே, "ஏத்துங்க, ஏத்துங்க, சட்டுனு ஏத்துங்க" என்றான். பார்க்காமல் வாங்கிக்கொள்கிறவன் பார்க்காமலே தொலைத்தும் விடுவான் என்று ராவுத்தர் நினைத்தார்.

போர்ட்டர் கை கொடுக்க வந்தான்.

"தொடாதே" என்றார். அறுபத்தைந்து வயதில் தானே மூச்சுப் பிடித்துத் தூக்கிச் சாமான் பெட்டிக்குள் ஏற்றினார்.

அது ராலி சைக்கிள். நெல்லியாம்பதி எஸ்டேட் துரை ஒருவன், வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷத்தில் விற்றுவிட்டுப் போனது. பல்சக்கரத்தில் மூன்று கொக்குகள் வெட்டியிருக்கும். கைலியும் துண்டும் மூட்டை கட்டி, கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று ராவுத்தர் அதில்தான் இருபத்தொன்பது வருஷமாக வியாபாரத்துக்குப் போய் வந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால் அந்த மூன்று கொக்குகளையும் ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைப்பார்.

"என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பீங்களா?" என்று மனைவி ஷரீஃபா கேட்பாள்.

"உன் மூஞ்சி துருப்பிடிக்காது" என்பார்.

போன வாரம் வாய்க்காலிலிருந்து ஓர் எருமை மேலே ஏறி வந்து, அதற்கு ஒதுங்கப் போய் மதகுக் கல்லில் முட்டினார். முன் ஃபோர்க் பின்னால் மடங்கிவிட்டது. மிதித்தால் கட்டைவிரல் சக்கரத்தில் இடித்தது. புதுநகரம் சைக்கிள் கடைக்காரன், "புது ஃபோர்க் மாட்டிடலாம் பாய், பழசக் கழட்டிப் போட்டுடலாம்" என்றான். பழசை எங்கே போடுவான் என்று ராவுத்தருக்குத் தெரியாதா? அன்றோடு அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. மீனாட்சிபுரத்தில் ஏசுரத்தினம் என்று ஒரு பழைய ரிப்பேர்க்காரன் இருந்தான். கொட்டாங்கச்சிக் கரியில் சூடு காட்டி ஃபோர்க்கை நிமிர்த்துவான். அவனையும் ராவுத்தர் நம்பினார் என்று சொல்ல முடியாது. ஆனால் வேலை முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விடுவான். அது போதும்.

ரயிலில்தான் கொண்டுபோக வேண்டும். பெல், பம்பு, டைனமோ எல்லாம் அசல் சாமான். வழியில் நாலு ஸ்டேஷன், நாலிலும் ஆள் ஏறும் இறங்கும். சாமான் பெட்டியின் மூலையில் நாய்களை அடைத்துப் போகிற கம்பிக்கூண்டு இருந்தது. ராவுத்தர் பையிலிருந்து சங்கிலியை எடுத்தார். சைக்கிளின் ஃபிரேமுக்குள் விட்டு, கூண்டின் கம்பியோடு சேர்த்துச் சுற்றினார். திண்டுக்கல் பூட்டைப் போட்டார்.

இருபத்திரண்டு வருஷத்துப் பூட்டு அது. சாவியை இரண்டு தரம் வலப்பக்கம், ஒரு தரம் இடப்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு அடியிலிருக்கும் பித்தளைக் குமிழை அமுக்கிக்கொண்டே வளையத்தை இழுக்க வேண்டும். பூட்டை விற்றவன் அந்தச் சூட்சுமத்தை அவர் காதில் மட்டும் சொன்னான். அவர் ஷரீஃபாவிடம்கூடச் சொன்னதில்லை.

பூட்டிய விஷயத்தைக் கார்டிடமும் சொல்லவில்லை. பூட்டு இருக்கிறது என்று சொன்னால், பூட்டி வைக்கும்படியான பொருள் இருக்கிறது என்று ஊருக்கே சொன்ன மாதிரி. சாவியை இடுப்பில் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டு, முன்னால் போய்ப் பெட்டியில் ஏறிக்கொண்டார்.

மீனாட்சிபுரத்தில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும். முன்பெல்லாம் பத்து நிமிஷம்கூட நிற்கும். இது எமர்ஜென்சி காலம். கடிகாரத்தைப் பார்த்தே கொடி ஆட்டினார்கள்.

சேதி கேள்விப்பட்டுப் பிளாட்பாரத்தில் ஆறுமுகசாமி வந்து நின்றுகொண்டிருந்தார். மீனாட்சிபுரத்துக்காரர், ராவுத்தரைவிட மூன்று வயது இளையவர், தேங்காய் பறிப்பு மேஸ்திரி. அவரிடம் ஹம்பர் சைக்கிள் இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக ராலி பெரிதா ஹம்பர் பெரிதா என்று இருவருக்கும் வழக்கு.

"வாங்க ராவுத்தரே. ஒத்தக் கம்பி ஃபோர்க் மடங்கிப்போச்சாமா? என்ற ஹம்பருக்கு ரெட்டக் கம்பிங்க. எருமையே மடங்கிப்போகும்."

"வாய மூடிட்டு வா. வண்டிய எறக்கணும்."

ராவுத்தர் கடைசியிலிருந்த சாமான் பெட்டிக்கு ஓடினார். சாவியைப் போட்டார். இரண்டு தரம் வலம், ஒரு தரம் இடம். குமிழ் அமுங்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். நகம்தான் மடங்கியது. மறுபடியும் முதலிலிருந்து வலம், வலம், இடம்.

கார்டு எட்டிப் பார்த்தான். "என்ன பாய் பண்றீங்க? நாய்க்கூண்டோட சேத்துப் பூட்டி வெச்சிருக்கீங்க! யாரக் கேட்டுப் பூட்டுனீங்க?"

"யாரக் கேக்கணும்? வண்டி என் வண்டி."

"கூண்டு உங்க கூண்டா? தொறங்க சீக்கிரம். ஒரு நிமிசம் லேட்டானா எனக்கு மெமோ வரும்."

"சித்த பொறு. குமிழ் சிக்கிருச்சு."

"ராவுத்தரே, குமிழ உடுங்க, பூட்ட இழுத்துப் பாருங்க" என்று ஆறுமுகசாமி வெளியிலிருந்து கத்தினார்.

"உனக்குத் தெரியுமா என் பூட்டப் பத்தி?"

கார்டு விசில் ஊதினான். ராவுத்தரின் தோளைப் பிடித்து வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டான். பச்சைக் கொடி ஆடியது. கையில் சாவியோடு ராவுத்தர் நின்றார். ராலி போய்க்கொண்டிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் மலையாளி. "ராவுத்தரே, ஞான் எந்து செய்யான்?" என்று கையை விரித்தார். ஆனாலும் போனை எடுத்துப் பொள்ளாச்சியைக் கூப்பிட்டார். பேசிவிட்டுச் சொன்னார்: வண்டி பொள்ளாச்சிக்குப் போக அரை மணி, அங்கே நிற்பது அரை மணி. அதற்குள் இறக்கப் பார்ப்பார்கள். பூட்டைத் திறக்க முடியாவிட்டால் அறுப்பார்கள். அறுக்க ஆள் கிடைக்காவிட்டால் சைக்கிள் திண்டுக்கல் போகும்.

"எத அறுப்பாங்க?"

"சங்கிலி. கூண்டு அறுக்கில்லா. அது ரெயில்வேயுடே சொத்து."

ரம்பத்தைப் பிடிக்கிறவனுக்குச் சங்கிலி எது, ஃபிரேம் எது என்று என்ன கவலை? எது கைக்கு வாகாக இருக்கிறதோ அதை அறுப்பான். பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது இரண்டு மணிக்கு.

ஆறுமுகசாமி வெளியே போய் ஹம்பரைத் திருப்பி நிறுத்தினார். கேரியரைத் துண்டால் தட்டினார்.

"ஏறுங்க."

"பத்து மைலு. ரெண்டு பேரத் தாங்குமா இது?"

"ராலி தாங்காதுங்க. இது தாங்கும். ஏறுங்கன்னா ஏறுங்க."

ராவுத்தர் ஏறினார். பிறத்தியார் சைக்கிளின் பின்னால் அவர் உட்கார்ந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். பிடித்துக்கொள்ள இடம் தெரியாமல் ஆறுமுகசாமியின் சட்டையைப் பிடித்தார்.

"சட்டையக் கிழிச்சுப்போடாதீங்க. சீட்டப் புடிங்க."

"உன் செயின் கத்துதே, எண்ணெ போடறதில்லையா?"

"அது செயின் கத்தலீங்க. என்ற முட்டி கத்துது."

செக்போஸ்ட்டில் போலீஸ்காரன் இரண்டு கிழவர்களையும் ஏற இறங்கப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையை ஆட்டி அனுப்பினான். ராவுத்தருக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. வெயில் ஏறியது. மேட்டில் இறங்கித் தள்ளினார்கள், இறக்கத்தில் ஏறினார்கள். ராவுத்தர் வழியெல்லாம் கார்டைத் திட்டினார், எமர்ஜென்சியைத் திட்டினார், எருமையைத் திட்டினார். பூட்டை மட்டும் திட்டவில்லை. ஒரு குமிழ் சிக்கிக்கொண்டதற்குப் பூட்டு என்ன செய்யும்?

அம்பராம்பாளையம் ஆற்றுப்பாலம் தாண்டி, பொள்ளாச்சிக்கு இன்னும் ஒன்றரை மைல் இருக்கும்போது, அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பின் சக்கரம் சாய்ந்து சட்டத்தில் உரசி நின்றது. சக்கரத்தின் அச்சு, ஸ்பிண்டில், இரண்டாக ஒடிந்திருந்தது.

ஆறுமுகசாமி குனிந்து பார்த்தார்.

"இருபத்தெட்டு வருசமா ஒருத்தரயும் பின்னால ஏத்துனதில்லீங்க" என்றார். "என்ற பொஞ்சாதியக்கூட ஏத்துனதில்ல."

ராவுத்தருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வெளியே வந்தது வேறு.

"பாத்துத் தள்ளு. டயரு உரசுது."

"தெரியுமுங்க. நீங்க ஓடுங்க. வண்டி போயிரும்."

அவர் ஓடினார். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாலடி ஓட்டம், பத்தடி நடை. பொள்ளாச்சி ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது பிளாட்பாரம் காலியாக இருந்தது. வண்டி போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது.

பார்சல் ஆபீஸ் சுவரில் ராலி சாய்ந்து நின்றது.

ராவுத்தர் கிட்டே போய் ஃபிரேம் முழுக்கக் கையால் தடவினார். கீறல் இல்லை. பெல் இருந்தது, பம்பு இருந்தது, டைனமோ இருந்தது. கொக்குகள் மூன்றும் இருந்தன. சங்கிலி அறுபடாமல் சுருட்டி ஹேண்டில்பாரில் தொங்கியது. அதன் நுனியில் பூட்டு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"யாரு தொறந்தது இத?"

பிளாட்பாரம் பெருக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். நாற்பது வயது இருக்கும். "நாந்தாய்யா. பேரு கத்தரீனாள். வண்டியில ஏறி எறக்குனதும் நாந்தான். அறுக்கப் போனாக. நாந்தான் வேணாம்னேன்."

"சாவி என்கிட்டல்ல இருக்கு!"

"சாவி என்னத்துக்கு?" கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். பூட்டை எடுத்து மூடினாள். ஊசியை உள்ளே விட்டு ஒரு நெம்பு. பூட்டு திறந்தது. ராவுத்தர் தும்மியிருந்தால் பார்த்திருக்க முடியாது.

"இன்னொருக்காப் பண்ணு."

இன்னொரு தரமும் செய்தாள். இன்னொரு தரமும் திறந்தது.

"குமிழ அமுக்கவே இல்லையே நீ?"

"அது சும்மா அழகுக்கு வெச்சதுய்யா. நான் திண்டுக்கல்லுக்காரி. எங்கப்பன் நாப்பது வருசம் பூட்டுதான் அடிச்சாரு. வாங்குறவுக மனசு நெறையட்டும்னு ஒரு குமிழ வெச்சு விடுவாக. அமுக்குனாலும் தொறக்கும், அமுக்காட்டியும் தொறக்கும்."

ராவுத்தர் பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டை மூடி, வலம், வலம், இடம். குமிழைத் தொடாமல் வளையத்தை இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

அப்படியானால் மீனாட்சிபுரத்தில் இழுத்திருந்தால் வந்திருக்கும். ஆறுமுகசாமி சொன்னபடி இழுத்திருந்தால் வந்திருக்கும். பள்ளிவாசல் வாசலில், கொல்லங்கோடு சந்தையில், சினிமாக் கொட்டகை வேப்பமரத்தில் என்று இருபத்திரண்டு வருஷம் இந்தப் பூட்டை நம்பித்தான் ராலியை நிறுத்தினார். ஒரு கொண்டை ஊசி வைத்திருந்த எவனும் எவளும் எடுத்துப் போயிருக்கலாம். எவரும் எடுக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் காதில் சொன்னவனின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

"நல்ல சைக்கிளுய்யா. என் கொழுந்தனும் இப்படித்தான், ஒரு பழசக் கட்டிக்கிட்டு அழுவான்" என்று சொல்லிவிட்டுக் கத்தரீனாள் பெருக்கப் போனாள்.

ஆறுமுகசாமி வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. பின் சக்கரத்தைக் கையால் தூக்கிப் பிடித்தபடியே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. ராலியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார்.

"எப்படித் தொறந்தாங்க?"

"தொறந்தாங்க" என்றார் ராவுத்தர்.

சாயங்காலம் திரும்பிப் போகிற வண்டிக்கு அதே கார்டு வந்து நின்றான். இந்தத் தடவை சைக்கிளை நன்றாகப் பார்த்தான். இரண்டையும் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

"பூட்டக் குடுங்க."

"எதுக்கு?"

"பூட்டு என் பெட்டியில இருந்தா சைக்கிள் ஏறும். உங்க கையில இருந்தா ஏறாது. மீனாட்சிபுரத்துல வாங்கிக்கங்க."

"யாராவது தூக்கிட்டுப் போனா?"

"ஒண்ணுக்கு முன்கால் ஊனம், ஒண்ணுக்குப் பின்கால் ஊனம். எவன் பாய் தூக்குவான்?"

ஆறுமுகசாமி சிரித்தார். ராவுத்தருக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டையும் சங்கிலியையும் கொடுத்தார். கார்டு சாவியைக் கேட்கவில்லை, அவர் கொடுக்கவும் இல்லை.

வண்டி கிளம்பியது. ராவுத்தர் உட்காரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் கடைசிப் பெட்டியை எட்டிப் பார்த்தார். ஆனைமலை ரோடு ஸ்டேஷனில் வண்டி நின்றதும் இறங்கி ஓடினார். கார்டு ஏதோ கத்தினான். எட்டிப் பார்த்துவிட்டு, வண்டி நகரும்போது திரும்பத் தொற்றி ஏறினார். மூச்சு இரைத்தது.

"இருக்குதுங்களா?" என்றார் ஆறுமுகசாமி. குரலில் கேலி இல்லை. கன்றிய கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"இருக்கு. ரெண்டும் இருக்கு." ராவுத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உன் வண்டி என் வண்டி மேல சாஞ்சிட்டு நிக்குது. பெயிண்ட்டு போகும்."

"உங்குளுதுதானுங்க சாஞ்சிருக்கும். ஒத்தக் கம்பி."

"ஸ்பிண்டில் ஒடிஞ்சதே, அது எத்தன கம்பி?"

ஆறுமுகசாமி கையில் சுற்றிய துண்டை இறுக்கிக்கொண்டார். ராவுத்தர் வெளியே பார்த்தார்.

"ஏசுரத்தினம் மொதல்ல உன் வண்டியப் பாக்கட்டும்" என்றார், திரும்பாமலே. "நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன். அவன் எதையாவது மாத்திப் போட்டுருவான்."