இடது பக்கப் பின்சீட்டு

டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்பாங்க. மூணாவதா என்னையும் அதுல சேர்த்துக்கணும். காருக்குள்ள என்ன கொட்டுச்சுன்னு உள்ளதைச் சொன்னாத்தானே அதுக்கேத்த மருந்தைப் போட முடியும்? பாலுக்கு ஒண்ணு, மீன் தண்ணிக்கு ஒண்ணு, டீசலுக்கு ஒண்ணு. மாத்திப் போட்டா வாடை பஞ்சுக்குள்ள போய்க் குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிடும். அப்புறம் சீட்டையே கழட்டி எறிய வேண்டியதுதான். இதை எத்தனை தடவை சொன்னாலும் வர்றவங்க பத்துல எட்டு பேர் பொய்தான் சொல்றாங்க. வாந்தியை ஜூஸ்ம்பாங்க. பிராந்தியை இருமல் மருந்தும்பாங்க. பன்னெண்டு வருஷமா காரோட உள்பக்கம் கழுவுற கடை வச்சிருக்கேன், என்கிட்டயேவா? தெருவுல எனக்கு மூக்கக்கான்னு பேரு. கோவமும் மூக்கு மேலயே உட்கார்ந்திருக்கும், அதையும் சேர்த்துத்தான் அந்தப் பேர்.

அந்த சனிக்கிழமை காலையில தம்பியோட கார் கடை வாசல்ல வந்து நின்னுது. மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. இவன் நாலு கண்ணாடியையும் இறக்கி விட்டு, நனைஞ்சுக்கிட்டே ஓட்டிக்கிட்டு வர்றான். அங்கேயே எனக்குப் பொறி தட்டுச்சு.

"பால் கொட்டிடுச்சுக்கா."

இறங்கக்கூட இல்லை. நான் வாயையே திறக்கலை. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு ஒருத்தன் தானா வந்து சொன்னானாமே, அந்தக் கதைதான்.

"எப்போ?"

"நேத்து. இல்ல, முந்தாநாள்."

"நேத்தா, முந்தாநாளா?"

"ரெண்டு தடவை கொட்டுச்சுக்கா."

ரெண்டு தடவை பால் கொட்டுற அளவுக்கு இவன் என்ன பால்பண்ணையா வச்சிருக்கான்? சும்மா பார்த்தேன். அவன் கண்ணு என் மூஞ்சியைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிட்டு வந்துச்சு.

இவன்மேல எனக்குச் சந்தேகம் அன்னைக்குத்தான் வந்ததுன்னு நினைச்சுடாதீங்க. ஏழு வாரமா புகைஞ்சுக்கிட்டு இருக்கு. எங்கப்பா தம்பி வீட்லதான் இருக்கார். அம்மா போனதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா எங்க வீட்டுக்கு வந்துடுவார். தம்பி, தம்பி பொண்டாட்டி, அப்பா மூணு பேரும் இந்தக் கார்லதான் வருவாங்க. சாப்பிட்டுக்கிட்டே அந்த வாரம் வந்த வண்டிக் கதையெல்லாம் நான் சொல்வேன். எவன் எதைக் கொட்டினான், எப்படிப் பொய் சொன்னான்னு நடிச்சே காட்டுவேன். கடைசியா வந்தப்பகூட ஒரு டாக்ஸிக் கதை சொன்னேன், தம்பி பொண்டாட்டிக்கு சிரிச்சுப் புரையேறிடுச்சு. அவ்வளவு கலகலப்பாத்தான் போனாங்க. அதோட சரி. அடுத்த ஞாயிறு அப்பாவுக்கு முட்டி வலி. அதுக்கடுத்தது சளி. அப்புறம் வீட்டுக்கு யாரோ வர்றாங்க. ஏழு ஞாயிறு, ஏழு காரணம். போன் பண்ணா, "அடுத்த வாரம் பார்க்கலாம்மா"ன்னு ரெண்டு வார்த்தையில வச்சிடறார்.

ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம நேராவே போனேன். தம்பி பொண்டாட்டி வாசல்லயே மறிச்சுக்கிட்டா. "மாமா தூங்கறார் அண்ணி." பகல் பதினொரு மணிக்கு! முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், பகல்ல கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. பின்னாடி கொடியில மெத்தை உறை, போர்வை எல்லாம் ஈரமா தொங்குச்சு. காபியைக் குடிச்சேனா கொட்டினேனான்னு தெரியாம எழுந்து வந்துட்டேன். அப்பாவை என்கிட்டேருந்து பிரிக்கிறாங்க. என்னைப் பத்தி எதையோ போட்டுக் கொடுத்திருக்காங்க. இல்லேன்னா அவருக்கு என்னமோ ஆகியிருக்கு, மறைக்கிறாங்க. இந்த மூணுல ஒண்ணுதான்னு மனசுல எழுதியே வச்சுக்கிட்டேன். அப்பா எனக்கு இல்லாமப் போயிடுவாரோங்கிற பயத்துல ராத்திரி சோறு இறங்கலை.

இப்போ அதே தம்பி ரெண்டு தடவை கொட்டின பாலோட நிக்கிறான்.

கதவைத் திறந்தேன். கண்ணாடிக்குக் கீழே ஒண்ணுக்கு மூணா சென்ட் அட்டை தொங்குது. எலுமிச்சை, மல்லிகை, இன்னொண்ணு என்ன கருமமோ. அதுக்கு மேல ஃபினாயில். எவன் இத்தனை வாசனையைக் கொட்டுறானோ அவன் ஒரு வாடையை மூடுறான்னு அர்த்தம். பூனை கண்ணை மூடிக்கிட்டா ஊரே இருட்டாயிடுமா?

"பாலை எங்கடா வச்சிருந்த?"

"பின்சீட்லதான்."

பின்சீட்ல இடது பக்கம் கைவச்சுப் பார்த்தேன். பால் சீட்ல சாய்ஞ்சா ஓடும். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போய், தையல்ல இறங்கி, கீழே மிதியடிவரைக்கும் வழியும். மிதியடி காஞ்சு கிடக்கு. கறை சீட்டுக்கு நட்டநடுவுல, ஒரு ஆள் உட்காருற இடத்துல, தட்டு மாதிரி வட்டமா இருக்கு. உறையைத் தூக்கினா, அடியில பாலித்தீன் தாள் விரிச்சிருக்கு. பால் கொட்டப் போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சு தாள் விரிக்கிறவன் உலகத்துல இவன் ஒருத்தன்தான்.

இடது பக்கப் பின்சீட்டு அப்பா உட்காருற இடம். அங்கேருந்து பார்த்தாத்தான் டிரைவர் கியர் மாத்துறது தெரியும்னு வேற எங்கேயும் உட்கார மாட்டார்.

கொஞ்சம் பச்சைத் தண்ணி எடுத்துக் கறைமேல ஒரு கை தெளிச்சேன். காஞ்ச கறை எவ்வளவு பொய் சொன்னாலும், நனைச்சா உண்மையைக் கக்கிடும். குனிஞ்சு மூக்கை வச்சேன். ஒரே மூச்சுதான். பாலும் இல்லை, மோரும் இல்லை. மூத்திரம். ஒரு நாளுதும் இல்லை, பல நாளுது.

அவ்வளவுதான், எனக்குச் சாமி வந்த மாதிரி ஆயிடுச்சு. கையில பிரஷ் இருந்துச்சு, அதோடயே அவன்மேல பாய்ஞ்சேன்.

"பாவி! அப்பாவை எங்கெல்லாம்டா அலைய விட்டீங்க? வயசான மனுஷன் அவசரம்னு சொன்னா வண்டியை நிறுத்த மாட்டீங்களா? கதவைச் சாத்தி உள்ள வச்சது இதுக்குத்தானா? நான் இருக்கேன்ல, நான் பார்த்துக்க மாட்டேனா? பெத்த அப்பனை இப்படி ஒளிச்சு வைக்க உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

பக்கத்து டயர் கடைக்காரர் பாதி கழட்டின டயரோட வெளியே வந்து எட்டிப் பார்த்தார். தம்பி எல்லாத்தையும் வாங்கிக்கிட்டே நின்னான். நான் மூச்சு வாங்க நிறுத்தினப்போதான் வாயைத் திறந்தான்.

"டாக்டர்கிட்ட போயிட்டுத்தான்க்கா இருக்கோம். புராஸ்டேட்டாம். மாத்திரை கொடுத்திருக்காங்க, சரியாயிடும்னு சொல்றாங்க. போற வழியில நாலு இடத்துல நிறுத்தத்தான் செய்யறேன். அப்படியும் சில சமயம் அவருக்கே தெரியாமப் போயிடுது."

"அதை என்கிட்ட சொல்ல என்ன கேடு உனக்கு?"

"அவர்தான் சொல்லக் கூடாதுன்னார். என் தலைமேல சத்தியம் வாங்கிட்டார். வேற ரெண்டு கடையில கொடுத்துப் பார்த்தேன், சென்ட் அடிச்சுக் கொடுத்துட்டாங்க. வாடை போகலை. வண்டியில ஏறும்போதெல்லாம் அது அவர் மூக்குல ஏறுது, கூனிக்குறுகிப் போறார். இப்போ டாக்டர்கிட்டயே வர மாட்டேங்கறார். அதான் வேற வழியில்லாம உன்கிட்ட வந்தேன்."

"ஊருக்குத் தெரிய வேண்டாம், சரி. பெத்த பொண்ணுகிட்ட என்னடா வெட்கம்?"

தம்பி என்னை நேராப் பார்த்தான். அன்னைக்கு முதல் தடவையா.

"டாக்ஸிக் கதை சொன்னியேக்கா. மறந்துட்டியா?"

மறக்கலை. அது வந்து என் பொடதியில அடிச்ச மாதிரி விழுந்துச்சு.

ஒரு டாக்ஸிக்காரர் வண்டி கொண்டு வந்திருந்தார். சவாரி வந்த ஒரு பெரியவர் பின்சீட்டை நனைச்சிட்டு, தண்ணி பாட்டில் கொட்டிடுச்சுன்னு சொல்லிட்டு இறங்கினாராம். அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அன்னைக்குச் சாப்பாட்டுக்கு நடுவுல எழுந்து நின்னு, துணிப்பையை முன்னாடி மறைச்சுப் பிடிச்சுக்கிட்டு, காலை அகட்டி அகட்டி அந்தப் பெரியவர் மாதிரி நடந்து காட்டினேன். "தண்ணி பாட்டிலாம்! அந்த பாட்டில் எழுபது வருஷமா அவரோடயே வருது"ன்னு வேற சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே தட்டைத் தள்ளி வச்சிட்டு, போதும்மா, வயிறு நிறைஞ்சிடுச்சுன்னார். கொஞ்ச நேரத்துல கிளம்பலாமான்னு தம்பியைக் கேட்டார்.

"அப்பவே இருந்துச்சா?"

"அந்த வாரம்தான் ஆரம்பிச்சிருந்துச்சு."

நுணலும் தன் வாயால கெடும்னு சின்ன வயசுல படிச்சிருக்கேன். யார் யாரையோ சந்தேகப்பட்டேனே, அப்பாவை என்கிட்டேருந்து பிரிச்சது என் வாய்க்கொழுப்புதான். அப்படியே அங்கே கிடந்த பழைய டயர் ஒண்ணுமேல உட்கார்ந்துட்டேன். தம்பி, "அக்கா"ன்னான். "பேசாம இருடா"ன்னேன். அழுகை வந்துச்சு, கையெல்லாம் கறைத் தண்ணி, துடைக்கவும் முடியலை.

அப்புறம் எழுந்தேன். உட்கார்ந்து அழுதா சீட்டு சுத்தமாயிடுமா?

சீட்டைக் கழட்டி வெளியே எடுத்தேன். உறையைத் தனியாப் பிரிச்சேன். பஞ்சு அடிவரைக்கும் ஊறியிருந்துச்சு. வெந்நீர் படக் கூடாது, பட்டா வாடை அங்கேயே தங்கிடும். பச்சைத் தண்ணியில வினிகர் கலந்து, ஊத்தி ஊத்தி மெஷின்ல உறிஞ்சினேன். நாலு தடவை. அப்புறம் அந்த அழுக்கையே தின்னுடற என்சைம் மருந்தைப் பஞ்சு அடிவரைக்கும் இறங்குற மாதிரி விட்டு, ஈரத்துணி போட்டு மூடி வச்சேன். அவசரப்படக் கூடாது, அது மெதுவாத்தான் தின்னும். மத்தியானம் மழை விட்டு வெயில் வந்துச்சு. மறுபடி உறிஞ்சி எடுத்து, வெயில்ல நிமிர்த்தி வச்சு, ஃபேனையும் போட்டேன். காஞ்சதும் சோடா உப்பைத் தூவி அதையும் உறிஞ்சினேன். மூணு சென்ட் அட்டையையும் பிடுங்கிக் குப்பையில போட்டேன். கடைசியா, நனையாத துணி ஒண்ணை உறைக்கு உள்பக்கமா வச்சுத் தைச்சேன். உட்கார்ந்தா சத்தம் போடாத நல்ல துணி. கண்ணுக்குத் தெரியாது. நாலு சீட்டுக்கும் ஒரே மாதிரி தைச்சேன், ஒண்ணு மட்டும் தனியாத் தெரியக் கூடாது பாருங்க.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. நானே அந்தக் காரை ஓட்டிக்கிட்டுப் போனேன். தம்பி பொண்டாட்டி கதவைத் திறந்து, பயந்த மாதிரி என்னைப் பார்த்தா. அவ கையை ஒரு தடவை அழுத்திட்டு உள்ளே போனேன். அப்பா ரூம்ல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இளைச்சுப் போயிருந்தார்.

"வண்டி ரெடிப்பா. கிளம்புங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் எழுந்துக்கலை. "என்னம்மா கொட்டியிருந்துச்சு அதுல?"

"பால்ப்பா."

"பாலா?"

"பால்தான். வேற எதுவா இருந்தாலும் என் மூக்குக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டார். கார்கிட்ட வந்ததும் பின்கதவைத் திறந்து, குனிஞ்சு, மெதுவா மூச்சை இழுத்துப் பார்த்தார். முன்னல்லாம் காலையில பஸ்ல ஏறினதும் தன் சீட்டைத் துண்டால தட்டுவாரே, அதே மாதிரி ரெண்டு தட்டு தட்டிட்டு உட்கார்ந்தார். தம்பியும் அவன் பொண்டாட்டியும் பின்னாடி ஸ்கூட்டர்ல வர்றோம்னாங்க.

பாதி வழியில பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டினேன். "எனக்கு அவசரமாப் போகணும்ப்பா. நீங்களும் இறங்கி சும்மா காலை நீட்டுங்க." உள்ளே போய்க் கையைக் கழுவிட்டு, கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு நின்னேன். நான் வெளியே வந்தப்போ அப்பாவும் அந்தப் பக்கத்துலேருந்து வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டே வந்தார்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். அப்பா பின்னாடியிருந்து கேட்டார்.

"அந்த டாக்ஸியில வந்தாரே ஒரு பெரியவர். அந்தச் சீட்டு சுத்தமாயிடுச்சா?"

ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்.

"ஆயிடுச்சுப்பா. ஒரு பொட்டு வாடை இல்லை. நான்தான் அன்னைக்கு வாய்க்கொழுப்புல என்னென்னமோ பேசிட்டேன். அவரைப் பார்த்தா மன்னிப்புக் கேக்கணும்."

"அதெல்லாம் எதுக்கு? சீட்டு சுத்தமாயிடுச்சுன்னு மட்டும் சொல்லிடு. பாவம், அவர் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பார்."

"சொல்லிட்டேன்ப்பா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். எனக்கு ரோடு கலங்கலாத் தெரிஞ்சுது. மெதுவாவே ஓட்டினேன்.

"ரெண்டாவது கியர்லயே எவ்வளவு தூரம்மா போவ? வண்டி முக்குது பாரு, மாத்து."

மாத்தினேன்.